பி-இ விண்மீனின் தளவிளைவுக் கோணம் 12° நகர்ந்திருக்கிறது: வட்டு சாய்ந்ததா?

சுழல்மீன்:

வணக்கம் நண்பர்களே. வடவானத்துப் பி-இ விண்மீன் (வேகமாகச் சுழன்று, தன்னைச் சுற்றி வாயு வட்டு கொண்ட பி வகை விண்மீன்) ஒன்றின் வி பட்டைத் (பச்சை-மஞ்சள் ஒளி) தளவிளைவு எண்களை, அதாவது ஒளியின் அதிர்வு எத்தனை சதவீதம், எந்தத் திசையில் ஒருமுகப்பட்டிருக்கிறது என்பதை, கீழே தருகிறேன். அரையலைத் தகடும் (தளவிளைவுத் திசையைத் திருப்புவது) வோலாஸ்டன் பட்டகமும் (ஒளியை இரண்டு கற்றைகளாகப் பிரிப்பது) கொண்ட இரட்டைக்கற்றை போலாரிமீட்டரில் (தளவிளைவுமானி) எடுத்தவை.

முதல் அளவீடு: 0.60%, திசைக்கோணம் 50°.
ஆறு வாரம் கழித்து: 0.92%, திசைக்கோணம் 38°.

க்யூ, யு (தளவிளைவின் இரண்டு ஸ்டோக்ஸ் கூறுகள்) இரண்டிலும் பிழை 0.05%. இதே இடைவெளியில் வி பட்டையில் விண்மீன் 0.1 மேக்னிட்யூட் (பிரகாச அலகு) பிரகாசமாகியிருக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்பா உமிழ்வு வரி (வட்டின் ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு வரி) மட்டும் லேசாகத்தான் வளர்ந்திருக்கிறது. 0.60%க்குக் கோணப் பிழை 2.4° அளவுதான் வரும், ஆகவே 12° நகர்வை இரைச்சல் என்று தள்ள முடியவில்லை. வட்டின் தளமே சாய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அலைத்தகடு:

அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். சதவீதத்தையும் கோணத்தையும் தனித்தனியாகப் பார்க்கும் வரை இந்த விஷயம் பிடிபடாது. இரண்டையும் க்யூ, யு ஆக மாற்றிவிட்டுப் பாருங்கள். க்யூ என்பது சதவீதம் பெருக்கல் இருமடங்குக் கோணத்தின் கொசைன். யு என்பது அதன் சைன்.

முதல் புள்ளி: க்யூ −0.104, யு 0.591.
இரண்டாம் புள்ளி: க்யூ 0.223, யு 0.893.
வேறுபாடு: க்யூவில் 0.327, யுவில் 0.302.

வேறுபாட்டு வெக்டரின் நீளம் 0.445%. அதன் திசை 42.7°, பாதியாக்கினால் 21°. வேறுபாட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் பிழை 0.07% என்பதால் கோணத்தில் சுமார் 4.5° பிழை இருக்கும்.

உங்கள் கருவிக்கு வந்து சேரும் தளவிளைவு இரண்டு வெக்டர்களின் கூட்டல். ஒன்று வட்டின் எலக்ட்ரான் சிதறலால் வருவது, மற்றது வழியில் இருக்கும் விண்மீனிடைத் தூசால் வருவது. தூசின் பங்கு இந்தக் கால அளவில் மாறாது. வட்டின் பங்கு அதே திசையில் நீண்டாலே போதும், கூட்டலின் கோணம் திரும்பிவிடும். வட்டு ஒரு டிகிரிகூடச் சாய வேண்டியதில்லை. உங்கள் எண்களுக்கு இதுவே எளிய விளக்கம்: வட்டில் புதிதாகப் பொருள் சேர்ந்திருக்கிறது, வட்டின் சொந்தத் தளவிளைவுத் திசை 21° பக்கத்தில் இருக்கிறது. ஒளியியல் தடிமன் குறைந்த வட்டில் சிதறிய ஒளியின் தளவிளைவு வட்டின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும். எனவே வானத்தில் வட்டின் நீளவாட்டு 111° பக்கம் என்று எதிர்பார்க்கலாம்.

இந்தச் செங்குத்து உறவைக் குறுக்கீட்டுமானிகள் (பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து நுண்ணிய வடிவத்தை அளப்பவை) நேரடியாகவே சரிபார்த்துவிட்டன. ஸீட்டா டௌரி என்னும் பி-இ விண்மீனின் சொந்தத் தளவிளைவுத் திசை சுமார் 32°. வட்டின் நீட்சியைப் படமாக அளந்தபோது கிடைத்தது 122°.

ஆனால் இரண்டு புள்ளி வழியே கோடு எப்போதும் போகும். மூன்றாவது புள்ளி எங்கே?

கார்த்திகைவாசி:

உண்மையிலேயே சாய்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் கார்த்திகைக் கூட்டத்திலேயே ஒரு விண்மீன் இருக்கிறது, பிளையோனி. அதன் சொந்தத் தளவிளைவுக் கோணம் 1974 முதல் 2003 வரையான காலத்தில் சுமார் 60°-இலிருந்து 130° வரை நகர்ந்தது. இரட்டை விண்மீன் அது. துணை விண்மீனின் ஈர்ப்பு வட்டின் தளத்தைத் திருப்புகிறது. கூடவே நிறமாலையும் சாதாரணப் பி-இ வடிவத்துக்கும், ஒடுங்கிய உட்கவர் வரிகள் கொண்ட ஓட்டு (ஷெல்) வடிவத்துக்கும் மாறி மாறிப் போகிறது. நமக்கு வட்டு விளிம்பாகத் தெரிகிறதா, கொஞ்சம் திறந்து தெரிகிறதா என்பதைப் பொறுத்து அந்த மாற்றம்.

சாய்வு என்றால் க்யூ-யு தளத்தில் புள்ளிகள் வில்லாக வளைய வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். ஆறு வாரத்தில் 12° என்பது பிளையோனியின் வேகத்தோடு ஒட்டவே இல்லை. வரி வடிவம் மாறாமல் வட்டு மட்டும் சாய்வதும் நடக்காது.

சுழல்மீன்:

மூன்றாவது புள்ளி இருக்கிறது, இரண்டாவதற்கு மூன்று வாரம் கழித்து: 0.72%, 44°. வி ஒளிப்பொலிவு பழைய நிலைக்குப் பாதி வழி திரும்பிவிட்டது. ஹைட்ரஜன்-ஆல்பா மட்டும் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. அது ஏன் எதிர்த்திசையில் போகிறது?

அலைத்தகடு:

0.72%, 44° என்றால் க்யூ 0.025, யு 0.720. முதல் புள்ளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு 0.129, 0.129, திசை 22.5°. பிழை 11° வரை போகும் என்றாலும் புள்ளி அதே கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. போன வழியிலேயே திரும்பி வந்திருக்கிறது. சாய்வு வாதத்தை இத்தோடு மூடிவிடலாம்.

இனி விண்மீனிடைப் பங்கைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் எண்களிலேயே காட்டுகிறேன். அக்கம்பக்க விண்மீன்களை அளந்து, தூசின் பங்கு 0.52%, 59.5° என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வட்டின் சொந்தத் தளவிளைவு முதல் நாளில் 0.20%, உச்சத்தில் 0.65%, மூன்றாம் அளவீட்டில் 0.38%. மேலோட்டமான எண் ஒன்றரை மடங்கு கூடியதாகச் சொல்கிறது. வட்டு உண்மையில் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. தளவிளைவுச் சதவீதத்தை மட்டும் நாளுக்கு எதிராக வரைந்து வெளியிடும் வரைபடங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கோணம் இல்லாத சதவீதம் பாதித் தகவல்.

அக்கம்பக்க விண்மீன்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்:

ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். தூரம் உங்கள் விண்மீனை ஒத்திருக்க வேண்டும், 20% முன்பின் பரவாயில்லை. கையா விண்கலத்தின் இடமாறு தோற்றத்தை (தூரத்தைத் தரும் அளவு) பயன்படுத்துங்கள். ஆனால் 3 மேக்னிட்யூடை விடப் பிரகாசமான விண்மீன்களுக்குக் கையா உணரி தெவிட்டிவிடுவதால் அவற்றுக்கு முந்தைய ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் எண்களே நம்பகமானவை. ஏ, எஃப் வகை முதன்மைத் தொடர் விண்மீன்களாக எடுங்கள். பி வகையைத் தொட்டால் அதிலும் வட்டு இருக்கலாம். சிவப்புப் பெருமீன்களுக்குச் சொந்தத் தூசு இருக்கலாம். குறைந்தது ஐந்து விண்மீன்களை எடுத்து, க்யூ, யு மதிப்புகளைத்தான் சராசரி எடுக்க வேண்டும். சதவீதத்தையும் கோணத்தையும் நேராகச் சராசரி எடுத்தால், 178°-க்கும் 2°-க்கும் நடுவே 90° என்று விடை வரும்.

கடைசியாக ஒரு வரம்புச் சோதனை. விண்மீனிடைத் தளவிளைவின் சதவீதம் பி-வி நிறமிகுதியின் (தூசால் விண்மீன் சிவந்து தெரியும் அளவு) 9 மடங்கைத் தாண்டுவது அபூர்வம். நிறமிகுதி 0.1 என்றால் உச்சம் 0.9%. கணக்கு அதைத் தாண்டினால் அக்கம்பக்கத் தேர்வில் ஏதோ கோளாறு.

நிறமாலைக்கண்:

ஹைட்ரஜன்-ஆல்பா ஏன் பின்தங்குகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

மூன்று அளவுகளும் வட்டின் மூன்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து வருகின்றன. வி பட்டையின் கூடுதல் வெளிச்சம் விண்மீனை ஒட்டிய பகுதியில், சுமார் இரண்டு விண்மீன் ஆரத்துக்குள் பிறக்கிறது. தளவிளைவு அதைவிடச் சற்று விரிந்த, ஆனாலும் சில ஆரங்களுக்குள் அடங்கும் பகுதியிலிருந்து. ஹைட்ரஜன்-ஆல்பாவுக்கு பத்து ஆரம், அதற்கும் அப்பால் வரை பரப்பு வேண்டும். விண்மீன் பொருளை உமிழ்ந்ததும் உள்பகுதி முதலில் நிரம்புகிறது: ஒளிப்பொலிவும் தளவிளைவும் நாள்கள், வாரங்களில் எகிறும். அந்தப் பொருள் பாகியல் உராய்வால் கோண உந்தம் பெற்று வெளியே நகர மாதங்கள் பிடிக்கும். ஆல்பா வரி அதற்குப் பிறகுதான் வளரும்.

உமிழ்வு நின்றதும் உள்பகுதிப் பொருளில் பெரும்பகுதி விண்மீன் மேலேயே திரும்பி விழுகிறது. ஆகவே வட்டு உள்ளிருந்து வெளியே காலியாகிறது. உங்கள் மூன்றாவது புள்ளியில் நடப்பது இதுதான்: உணவளிப்பு நின்றுவிட்டது, தளவிளைவு சரிகிறது, முன்பு சென்ற பொருள் இன்னும் வெளியே பரவிக்கொண்டிருப்பதால் ஆல்பா வரி ஏறுகிறது. பை அக்வாரி, 60 சிக்னி என்னும் பி-இ விண்மீன்கள் இரண்டும் வட்டை முழுக்க இழந்த காலத்தை விஸ்கான்சினின் பைன் பிளஃப் ஆய்வகத்து நிறமாலைத் தளவிளைவு மானி பதிவு செய்திருக்கிறது. 2010இல் வெளியான அந்த அலசல் இந்த வரிசையைத் தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொன்று. தூசின் பங்கைக் கண்டுபிடிக்க அக்கம்பக்க விண்மீன்களை மட்டும் நம்ப வேண்டாம். ஹைட்ரஜன்-ஆல்பா குறும்பட்டை ஃபில்டர் வைத்து அளங்கள். உமிழ்வு வரியின் ஒளி வட்டின் பெரும் பரப்பில் பிறப்பதால் அது பெரும்பாலும் சிதறாமல், தளவிளைவு இல்லாமல் வருகிறது. தொடர்நிறமாலையின் (வரிகள் நீங்கலான தொடர்ச்சியான ஒளி) தளவிளைவை அது நீர்த்துப்போகச் செய்யும். வரியின் சமான அகலம் (வரியின் மொத்த ஒளிக்குச் சமமான தொடர்நிறமாலைத் துண்டின் அகலம்) 3 நானோமீட்டர், ஃபில்டர் அகலம் 7 நானோமீட்டர் என்றால், ஃபில்டருக்குள் வரும் மொத்த ஒளியில் வரியின் பங்கு 3/10. வட்டின் தளவிளைவு 0.65%-இலிருந்து 0.46% அளவுக்கு இறங்கும். 3 நானோமீட்டர் ஃபில்டர் என்றால் பாதியாகும். தூசின் பங்கு வரியிலும் தொடர்நிறமாலையிலும் ஒன்றுதான். எனவே இரண்டு அளவீடுகளையும் இணைக்கும் கோடு நேராக வட்டின் சொந்தத் திசையைக் காட்டும். வெடிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரே இரவில் திசை கிடைக்கும். ஒப்பிட வேண்டியது ஆல்பாவுக்குப் பக்கத்துத் தொடர்நிறமாலையோடு. வி பட்டையோடு அல்ல.

தென்வானம்:

கணக்கெல்லாம் சரி, அதற்கு முன் கருவியைப் பற்றிக் கேட்க வேண்டியவை சில உண்டு. 0.05% பிழை என்று போட்டிருக்கிறீர்கள். அது ஃபோட்டான் எண்ணிக்கைப் பிழையா, தரவிண்மீன்களின் (தளவிளைவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு விண்மீன்கள்) சிதறலா? இரண்டும் ஒன்றல்ல.

ஃபோட்டான் கணக்கு சுலபம். ஒரு ஸ்டோக்ஸ் அளவுக்கு 0.05% வேண்டுமானால் மொத்தம் 40 லட்சம் எலக்ட்ரான். உச்சப் பிக்ஸல் 30,000-ஐத் தாண்டாமல், அரையுயர அகலம் 4 பிக்ஸலாக இருந்தால், ஒரு பிம்பத்தில் சுமார் 5.4 லட்சம். இரண்டு பிம்பம், இரண்டு தகட்டு நிலை: ஒரு சுற்றுக்கு 21.7 லட்சம். ஆக இரண்டு சுற்றில் 0.05% வந்துவிடும். 0.02% வேண்டுமென்றால் 12 சுற்று. பிரகாசமான பி-இ விண்மீன்களில் பிம்பத்தைக் கொஞ்சம் குவியம் கலைத்து எடுப்பதே நல்லது. உச்சப் பிக்ஸல் உணரியின் நேர்போக்கு எல்லையைத் தாண்டினால் இரண்டு பிம்பங்களில் பிரகாசமானது மட்டும் குறைத்துக் காட்டும், போலித் தளவிளைவு அங்கேயே பிறந்துவிடும்.

தகடு 0°, 22.5°, 45°, 67.5° நான்கிலும் எடுத்தே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 0°-இல் இரு பிம்பங்களின் விகிதம் 1.043, 45°-இல் 1.025 என்று வந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 1.00874. அதில் ஒன்றைக் கழித்ததை, அதோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் க்யூ 0.44%. 0°-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 2.1% வரும், அதில் பெரும்பகுதி இரண்டு கற்றைகளின் கடத்துதிறன் வேறுபாடுதான். 22.5°, 67.5° ஜோடியில் இதே கணக்கைச் செய்தால் யு.

தரவிண்மீன்கள்: தளவிளைவு அதிகம் உள்ளவற்றில் ஹெச்டி 25443 (வி பட்டையில் 5.13%, 134.2°), ஹெச்டி 154445 (3.78%, 88.8°), ஹெச்டி 204827 (5.32%, 58.7°). அதே இரவில் இரண்டையாவது எடுத்து, கோணத் திருத்தம் இரண்டிலும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால், தகட்டைத் திருப்பும் மோட்டார் படி தவறியிருக்க வாய்ப்பு அதிகம். தளவிளைவற்ற விண்மீனுக்கு பீட்டா காசியோபியா போதும்.

நிலா இருக்கும் இரவில் பின்னணி வானமே தளவிளைவு உடையது. நிலாவிலிருந்து 90° தள்ளிய பகுதியில் அது உச்சம். ஒவ்வொரு பிம்பத்துக்கும் அதனதன் கற்றையில் உள்ள பின்னணியைத்தான் கழிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே மதிப்பை அல்ல.

மெரிடியன் ஃபிளிப் (தொலைநோக்கியை உச்சிவட்டத்தின் மறுபக்கத்துக்குப் புரட்டுவது) செய்து முன்னும் பின்னும் ஒரே எண் வந்தால் கருவிப் பிழை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது சோதனையே ஆகாது. 180° திருப்பினால் தளவிளைவுத் திசை, கருவியுடையதும் சரி விண்மீனுடையதும் சரி, அப்படியே இருக்கும். கேமராவையும் போலாரிமீட்டரையும் சேர்த்து 90° திருப்புங்கள். அப்போதுதான் திருப்பும் அமைப்புக்குக் கீழே பிறக்கும் போலித் தளவிளைவின் குறி மாறும். தொலைநோக்கியின் ஆடிகளில் பிறப்பது அப்போதும் பிடிபடாது, அதற்குத் தளவிளைவற்ற விண்மீன் ஒன்றே வழி. மூலைவிட்ட ஆடி ஏதாவது ஒளிப்பாதையில் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

சுழல்மீன்:

0.05% என்பது தளவிளைவற்ற விண்மீன்களின் இரவுக்கிரவு சிதறல். மூலைவிட்ட ஆடி இல்லை. நிலா, மூன்றாவது அளவீட்டின்போது 70° தொலைவில் இருந்தது; பின்னணியைக் கற்றைவாரியாகத்தான் கழித்தேன்.

மகம்:

இடையில் ஒரு கேள்வி. இந்த விண்மீன்கள் வேகமாகச் சுழன்று தட்டையாக இருக்கின்றனவே, வட்டே இல்லாவிட்டாலும் அந்தத் தட்டை வடிவம் தளவிளைவைத் தராதா?

நிறமாலைக்கண்:

தரும். ஆனால் அளவு மிகச் சிறியது. எலக்ட்ரான் சிதறல் ஆளும் வளிமண்டலத்தில் விண்மீனின் விளிம்பொளி 11.7% வரை தளவிளைவு பெறும் என்று சந்திரசேகர் 1946இல் கணக்கிட்டார். உருண்டையான விண்மீனில் விளிம்பைச் சுற்றி எல்லாத் திசைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தட்டையானால் முழுதாக அழியாது என்று 1968இல் ஹாரிங்டனும் காலின்ஸும் காட்டினார்கள். அளந்து உறுதிசெய்ய 2017 வரை ஆயிற்று. அந்த விண்மீன் உங்கள் பெயரே, மகம் என்னும் ரெகுலஸ். 741 நானோமீட்டரில் பத்து லட்சத்தில் 42 பங்கு, 395 நானோமீட்டரில் குறி மாறி 22 பங்கு. உடைந்து சிதறும் எல்லைக் கோணவேகத்தில் 96.5% வேகத்தில் அது சுழல்கிறது என்று அதிலிருந்து கிடைத்தது.

42 பங்கு என்றால் 0.0042%. சுழல்மீன் கருவியின் பிழையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவருடைய 0.45% மாற்றம் முழுவதும் வட்டின் வேலை. தட்டை வடிவத்துக்கு வேறு பங்கு உண்டு: நடுக்கோட்டில் ஈர்ப்பு தளர்ந்திருப்பதால்தான் துடிப்பு அலைகளின் சிறு உதையே பொருளைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றிவிடுகிறது.

கார்த்திகைவாசி:

ஆக்கர்நார் என்னும் பி-இ விண்மீன் இதற்குப் பொருத்தமான எச்சரிக்கை. 2003இல் குறுக்கீட்டுமானி அளவீடு நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைப் போல் 1.56 மடங்கு என்றது. எளிய கோட்பாட்டின் எல்லையே 1.5. மெல்லிய வட்டு மிச்சம் ஒன்று இருந்தால் விண்மீன் அப்படி நீண்டு தெரியும் என்ற விளக்கம் வந்தது. வட்டு இல்லாத காலத்து அளவீடுகளை வைத்து 2014இல் வந்த மதிப்பு 1.35. ஆகவே "வட்டு இல்லை" என்று சொல்லும் முன் தளவிளைவையும் பார்த்துவிடுவது நல்லது.

அதே நேரம் தளவிளைவு பூஜ்யம் என்பதாலேயே வட்டு இல்லை என்றும் ஆகாது. துருவப் பக்கமாக நமக்குத் தெரியும் விண்மீனில் வட்டு எவ்வளவு அடர்ந்தாலும் சிதறல் எல்லாத் திசையிலும் சமமாகி அழிந்துவிடும். சாய்வுக் கோணத்தின் சைனின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் தளவிளைவு ஏறும். 28 கேனிஸ் மேஜோரிஸ் அப்படிப்பட்டது: வட்டு வந்துவந்து போகும், தளவிளைவு பெரிதாக எழாது. அங்கே ஒளிப்பொலிவும் ஆல்பா வரியும்தான் துணை. சுழல்மீனின் விண்மீன் வட்டு வளரும்போது மங்காமல் பிரகாசமாகியிருப்பதால் விளிம்பு நிலையும் இல்லை, தளவிளைவு 0.45% எழுந்ததால் துருவ நிலையும் இல்லை. நடுத்தரச் சாய்வு.

மகம்:

பி, வி, ஆர் (நீலம், பச்சை-மஞ்சள், சிவப்பு) மூன்று ஃபில்டர் போதுமா, யு ஃபில்டரும் (புறஊதா; ஸ்டோக்ஸ் யு அல்ல) வேண்டுமா?

அலைத்தகடு:

மூன்று போதும் என்பேன். எலக்ட்ரான் சிதறல் எல்லா நிறத்துக்கும் ஒன்றே. ஆனால் வட்டின் ஹைட்ரஜன் உட்கவர்வு 365 நானோமீட்டரிலிருந்து 820 நோக்கிப் போகப்போகக் கூடுகிறது, அதனால் வட்டின் தளவிளைவு பி, வி, ஆர் என்று இறங்கும். தூசோ வி பட்டையை ஒட்டி உச்சம் கொண்டது: பி-யில் வி-யின் 94%, ஆர்-இல் 97% அளவு. பி மதிப்பு ஆர்-ஐவிடத் தெளிவாக உயர்ந்தால் வட்டின் கை இருக்கிறது.

நிறமாலைக்கண்:

திசையைப் பிரிக்க அது போதும், ஒப்புக்கொள்கிறேன். வட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய யு ஃபில்டர் இல்லாமல் முடியாது. 364.6 நானோமீட்டரில் பாமர் எல்லை (அதைவிடக் குறைந்த அலைநீள ஒளியை ஹைட்ரஜன் பலமாக உட்கவரும்). அதற்குக் கீழே தளவிளைவு சட்டென விழும். சிதறல் அடர்த்திக்கு நேர்விகிதம், உட்கவர்வோ அடர்த்தியின் வர்க்கத்துக்கு. ஆகவே விழுச்சியின் ஆழம் உள்வட்டின் அடர்த்தியைச் சொல்லும். வெடிப்பின் தொடக்கத்தில் பொருள் விண்மீனை ஒட்டிக் குவிந்திருக்கும், விழுச்சி ஆழம். உணவளிப்பு நின்ற பின் உள்பகுதி மெலிந்துவிடும். வி தளவிளைவு அதே அளவில் இருந்தாலும் விழுச்சி ஆழம் குறைந்திருக்கும். வி தளவிளைவுக்கு எதிராக விழுச்சியை வரைந்தால் ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை என ஒரு கண்ணி உருவாகும். இந்தக் கண்ணி இல்லாமல் "வட்டு வளர்கிறதா, தேய்கிறதா" என்பதை ஒரே இரவின் அளவீட்டில் சொல்ல முடியாது.

யு ஃபில்டரின் கஷ்டம், அது எல்லையின் இரு பக்கத்தையும் கலந்து எடுக்கும், ஆகவே விழுச்சி மழுங்கித் தெரியும். உணரியின் உணர்திறனும் அங்கே குறைவு. பி வகை விண்மீன்கள் புறஊதாவில் பிரகாசமானவை என்பது ஆறுதல். ஒளிபுகு நேரத்தை வி-யைவிட ஐந்தாறு மடங்கு கூட்டிப் பாருங்கள். அரையலைத் தகடு பல ஃபில்டருக்கு அகன்ற பட்டை வகையாக இல்லாவிட்டால் யு-வில் அதன் திறன் சரியும். தரவிண்மீனை அதே ஃபில்டரில் எடுத்துத் திறன் திருத்தம் போட வேண்டும்.

அலைத்தகடு:

கட்டத்தை அறிய யு வேண்டும் என்பது சரி. தகடு வி-க்கு மட்டும் உரியதென்றால் பி, ஆர் திருத்தங்களையும் சேர்த்தே எடுங்கள்.

சுழல்மீன்:

தகடு அகன்ற பட்டை வகைதான், ஆனால் 400 நானோமீட்டருக்கு மேல். யு-வுக்குத் திறன் திருத்தம் போட்டுப் பார்க்கிறேன். 7 நானோமீட்டர் ஆல்பா ஃபில்டர் கைவசம் இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது?

நிறமாலைக்கண்:

இறங்குமுகம் தொடரும் வரை வி-யில் மூன்று நாளுக்கு ஒன்று, பி, ஆர் வாரம் ஒன்று, ஆல்பா ஃபில்டர் வாரம் ஒன்று. நாலைந்து வாரத்தில் புள்ளிகள் பழைய இடத்துக்கு வந்து நின்றால் வி-யையும் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். ஒளிப்பொலிவு மறுபடி 0.03 மேக்னிட்யூட் ஏறினால் அன்றிலிருந்து இரவுதோறும். புதிய பொருள் வட்டமாகப் பரவும் முன் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும் சில நாள்களில் புள்ளிகள் கோட்டை விட்டு விலகிச் சிறு வளையம் போடக்கூடும். ஆக்கர்நாரில் அப்படிக் குறுகிய கால மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்த விலகலைப் பிடிக்க 0.05% பிழை போதாது, 12 சுற்று எடுங்கள்.